கிரீடம் வெளியே போனது கயிற்றிலா, மூட்டையிலா? டன்னாட்டர் கோட்டை பற்றி ஒரு கேள்வி

மலைக்கோட்டை_வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். மான்செஸ்டரில் ஆறு வருடமாக இருக்கிறேன். அம்மா விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார். ஆகஸ்டில் நான்கு நாள் லீவு போட்டு அவரை ஸ்காட்லாந்துக்குக் கூட்டிப்போகிறேன். அம்மா பள்ளியில் வரலாற்று ஆசிரியை, ஓய்வுபெற்று எட்டு வருடம் ஆகிறது. எங்கே போனாலும் "இது யார் கட்டினது, எப்போ இடிஞ்சது" என்று கேட்பார். பதில் தெரியாமல் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை.

எடின்பரோ கோட்டையில் ஸ்காட்லாந்தின் கிரீடம், செங்கோல், வாள் மூன்றையும் பார்த்துவிட்டு, வடக்கே ஸ்டோன்ஹேவன் பக்கத்தில் இருக்கும் டன்னாட்டர் கோட்டைக்குப் போகத் திட்டம். ஆங்கிலேயத் தளபதி குரோம்வெல்லின் படை அந்தக் கோட்டையை முற்றுகையிட்டபோது இந்த மூன்றும் அங்கேதான் இருந்தன என்று படித்தேன். எப்படி வெளியே கடத்தினார்கள் என்பதில்தான் குழப்பம். ஓரிடத்தில், பாறை மேலிருந்து கயிறு கட்டிக் கடற்கரைக்கு இறக்கினார்கள், கீழே கடற்பாசி பொறுக்குவதுபோல் நின்ற ஒரு வேலைக்காரப் பெண் கூடையில் வாங்கிக்கொண்டு போனாள் என்று இருக்கிறது. இன்னோர் இடத்தில், ஒரு போதகரின் மனைவி கோட்டை வாசல் வழியாகவே எடுத்துப் போனார் என்று இருக்கிறது. எது உண்மை?

இன்னும் இரண்டு கேள்விகள். கோட்டை இடிந்தது குரோம்வெல்லின் பீரங்கியாலா? அப்புறம், அம்மாவுக்கு வலது முழங்காலில் வலி உண்டு. படி ஏறுவார், ஆனால் மெதுவாக. முடியுமா?

---

வடகடல்:

தம்பி, நான் ஸ்டோன்ஹேவனில் பதினோரு வருடமாக இருக்கிறேன். நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கம் வராத காலைகளில் துறைமுகத்திலிருந்து பாறை விளிம்புப் பாதையில் அந்தக் கோட்டை வரை நடப்பது என் பழக்கம். இரண்டு மைல் இருக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அம்மாவின் முழங்கால். கோட்டை ஒரு தனிப் பாறை மேல் இருக்கிறது. மூன்று பக்கமும் கடல், நிலத்தோடு ஒட்டுகிற பக்கமும் ஒரு பள்ளம். கார் நிறுத்துமிடத்திலிருந்து சமதளமாக நடந்து பாறை விளிம்புக்கு வரலாம். அதற்குமேல் கடல் மட்டம் வரை இறங்கி, மறுபடி ஏற வேண்டும். படிகள் 200க்கும் மேல். திரும்பும்போது அதே இறக்கமும் ஏற்றமும். அவசரப்படாமல், நடுநடுவே நின்று போனால் முடியும். என் அத்தை 70 வயதில் ஏறினார். காற்று பலமாக இருந்தால் கோட்டையை மூடிவிடுவார்கள், கிளம்பும் நாள் காலையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவேளை இறங்க முடியாவிட்டாலும் எதிர்ப்பக்க விளிம்பில் நின்று பார்ப்பதே ஒரு பெரிய காட்சி. 50 மீட்டர் உயரப் பாறை. கிட்டப்போய்ப் பார்த்தால் முழுக்க உருளைக்கற்கள், சிமெண்டில் குழைத்து வைத்ததுபோல. 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஓடிய ஆறுகள் உருட்டிக்கொண்டு வந்து போட்ட கற்கள் அவை.

இப்போது கிரீடம்.

1650இல் இரண்டாம் சார்லஸ் ஸ்காட்லாந்து வந்தார். அவருடைய தந்தை ராஜா முதலாம் சார்லஸை லண்டனில் குரோம்வெல் தரப்பினர் தலை வெட்டி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. 1651 ஜனவரி 1ஆம் தேதி ஸ்கோன் என்ற ஊரில் அவருக்கு முடி சூட்டினார்கள். அதற்குள் குரோம்வெல்லின் படை தெற்கிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. கிரீடத்தையும் செங்கோலையும் வாளையும் எடின்பரோவுக்குத் திருப்பி அனுப்ப வழியில்லை, எடின்பரோ ஏற்கெனவே ஆங்கிலேயர் கையில். இங்கிலாந்தின் பழைய அரச சின்னங்களை என்ன செய்தார்கள் தெரியுமா? 1649இல் உருக்கிவிட்டார்கள். ஸ்காட்லாந்தின் சின்னங்களும் கையில் கிடைத்தால் அதே கதிதான். அதனால்தான் இந்த மூன்றும் டன்னாட்டருக்கு வந்தன. கோட்டை கீத் குடும்பத்துடையது. அந்தக் குடும்பத் தலைவருக்கு ஏர்ல் மாரிஷல் என்று பட்டம் (எழுதுவது மாரிஷல், இங்கே ஆட்கள் சொல்வது மார்ஷல்). அரச சின்னங்களைக் காப்பது அந்தப் பதவியின் பொறுப்பு. ஆனால் அப்போதைய ஏர்லை 1651 ஆகஸ்டில் பிடித்து லண்டன் டவரில் அடைத்துவிட்டார்கள். கோட்டையில் இருந்தது ஜார்ஜ் ஓகில்வி என்ற தளபதி, அவர் மனைவி எலிசபெத் டக்ளஸ், அப்புறம் ஒரு சிறிய காவல்படை.

முற்றுகை அந்த இலையுதிர் காலத்தில் தொடங்கியது. குளிர்காலம் முழுக்கத் தாக்குப்பிடித்தார்கள். பெரிய பீரங்கிகள் வந்து சேர்ந்து பத்து நாள் போல அடித்த பிறகுதான், 1652 மே 24 அன்று, ஓகில்வி சரணடைந்தார். ஆங்கிலேயர் உள்ளே போய்த் தேடினார்கள். கிரீடம் இல்லை, செங்கோல் இல்லை, வாள் இல்லை.

அவை இருந்த இடம் தெற்கே சில மைல் தள்ளி, கினெஃப் என்ற சின்னக் கடலோர ஊரின் தேவாலயத் தரைக்குக் கீழே. அங்கே போதகர் ஜேம்ஸ் கிரெய்ஞ்சர். அவர் மனைவி கிறிஸ்டியன் ஃப்ளெட்சர்.

நீங்கள் படித்த இரண்டு கதைகளும் பழையவைதான், யாரும் இணையத்தில் புதிதாகக் கட்டியதில்லை. ஆனால் இரண்டுக்கும் எடை ஒன்றல்ல. வாசல் வழியாக எடுத்துப் போன கதையைச் சொன்னது கிறிஸ்டியன் ஃப்ளெட்சரே. 1664இல் அவர் கொடுத்த விவரப்படி, 1652 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மூன்று தடவை கோட்டைக்குப் போய் வந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் சாமான் மூட்டைகளுக்குள் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவந்திருக்கிறார். கடற்பாசிக் கூடைக் கதையை எழுதிவைத்தது 18ஆம் நூற்றாண்டில், பின்னாளைய ஏர்ல் ஒருவருக்குப் பாடம் சொன்ன ஆசிரியர். நடந்து வெகுகாலம் கழித்து, செய்தவர்கள் யாரும் உயிரோடு இல்லாதபோது.

கைடு புத்தகங்களில் மூன்றாவதாக ஒரு வடிவமும் வரும். அதில் ஒரே பயணம்தான். கிரீடம் அவர் மடியில், துணிக்குள். செங்கோலும் வாளும் நூற்பதற்கான நார்க்கட்டுக்குள். எதிரிப் படை அதிகாரியே கைகொடுத்து அவரைக் குதிரையில் ஏற்றிவிட்டார் என்பார்கள். கேட்க அழகாக இருக்கும். நான் அதை நம்பவில்லை. கிரீடம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. வாள் நாலடி சொச்சம் நீளம். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரு பெண்ணின் உடம்பிலும் மூட்டையிலும் மறைக்க முடியுமா? மூன்று தடவை என்பதுதான் பொருந்துகிறது. எடின்பரோவில் அந்த வாளை உற்றுப் பாருங்கள். ஒடித்து, பிறகு ஒட்டவைத்த தடம் இருக்கும். ஒளித்துவைக்க வசதியாக அதை இரண்டாக ஒடித்திருக்கிறார்கள்.

கணவரின் பங்குக்கும் எழுத்துச் சான்று உண்டு. 1652 மார்ச் 31 தேதியிட்டு, ஏர்லின் குடும்பத்துக்கு அவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். பிரசங்க பீடத்துக்கு நேர் முன்னால் இருந்த தளக்கல்லை இரவில் பெயர்த்து, குழி தோண்டி, கிரீடத்தையும் செங்கோலையும் அதில் வைத்து, கல்லைப் பழையபடி போட்டு மூடியது. வாளை மேற்குக் கோடியில், சாதாரண ஜனங்கள் உட்காரும் இருக்கைகளுக்கு இடையில் புதைத்தது, எல்லாம் அதில் இருக்கிறது. தான் செத்துவிட்டால் எங்கே தேடுவது என்று யாருக்காவது தெரிய வேண்டுமே. அதற்கு முன் சில நாள் அந்தச் சின்னங்கள் அவர்கள் வீட்டுக் கட்டிலின் கால்மாட்டில் கிடந்தன.

தம்பி, நான் போதகர் வீட்டில் பிறந்தவள். பார்சனேஜில் வளர்ந்தவள். சபை ரெஜிஸ்டரில் அப்பா பெயர் இருக்கும், கல்வெட்டில் அப்பா பெயர் இருக்கும். நோயாளி வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோனது, யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று தெரிந்து வைத்திருந்தது, ஊருக்கெல்லாம் ஒரு கூடையோடு போய் வந்தது எல்லாம் அம்மா. போதகர் மனைவி கையில் மூட்டையோடு எங்கே போனாலும் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. கிறிஸ்டியன் ஃப்ளெட்சர் எதிரிப் படையின் நடுவே மூன்று முறை போய் வந்தார் என்றால், அவருக்குக் கிடைத்த கவசம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது என் ஊகம். ஆனால் அந்தப் படிகளில் ஏறும்போதெல்லாம் ஒரு பிப்ரவரி மாதக் காற்றில் கையில் மூட்டையோடு இறங்கிய அந்தப் பெண்ணைத்தான் நினைக்கிறேன்.

எட்டு வருடம் அவை அந்தத் தரைக்குக் கீழே இருந்தன. சும்மா புதைத்துவிட்டு இருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணவனும் மனைவியும் இரவில் தோண்டியெடுத்து, நெருப்பின் முன்னால் காட்டி ஈரம் போக்கி, மறுபடி புதைத்தார்கள். ஓகில்வியையும் எலிசபெத் டக்ளஸையும் சிறையில் வைத்து விசாரித்தார்கள். எலிசபெத் உடல் நலிந்து இறந்தார். சாகும் தறுவாயில்தான் கணவரிடமே இடத்தைச் சொன்னார் என்பது இங்கே வழங்கும் கதை. கணவருக்குத் தெரியாமல் வைத்தால் அவர் வாயிலிருந்து பிடுங்க முடியாது அல்லவா. இன்னொரு பெண்ணும் உண்டு, ஆன் லிண்ட்சே. ராஜாவின் அந்தரங்கக் கடிதங்களைத் தன் உடையில் வைத்துத் தைத்துக்கொண்டு, முற்றுகைப் படையைத் தாண்டி நடந்து போனவர்.

1660இல் சார்லஸ் மீண்டும் அரியணை ஏறினார். ஓகில்விக்கு பாரனெட் பட்டம். ஏர்லின் தம்பி ஜான் கீத்துக்கு நைட் மாரிஷல் பதவி, பிறகு கின்டோர் ஏர்ல் பட்டம். கிரீடம் பிரான்சுக்குப் போய்விட்டது என்று எதிரியை நம்பவைத்தது அவர் செய்த வேலை. கிறிஸ்டியன் ஃப்ளெட்சருக்கு 2,000 மெர்க் (அன்றைய ஸ்காட்லாந்துப் பணம்) தரச் சொல்லி 1661இல் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. யாருக்கு என்ன கிடைத்தது என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள், அவரே கணக்குப் பார்த்துக்கொள்வார்.

கோட்டை இடிந்தது பற்றி: பீரங்கி சேதம் செய்தது உண்மை. ஆனால் நீங்கள் இன்று பார்க்கும் கூரையில்லாத நிலைக்குக் காரணம் அது இல்லை. 1715இல் பத்தாவது ஏர்ல், ஜேக்கபைட் கலகத்தில், அரியணை இழந்திருந்த ஸ்டூவர்ட் வம்சத்தின் பக்கம் சேர்ந்தார். தோற்றார், நாடு கடந்தார், சொத்தெல்லாம் பறிமுதல். அதை வாங்கியது லண்டனில் குடிநீர் விநியோகம் செய்துவந்த யார்க் பில்டிங்ஸ் என்ற கம்பெனி. விற்கக்கூடியதையெல்லாம் கழற்றிக்கொண்டு போனார்கள், கூரை, தளம் எல்லாம். சுவர் மட்டும் மிஞ்சியது. 1919இல் கௌட்ரே பிரபு குடும்பம் வாங்கி, 1925இலிருந்து பழுது பார்த்தார்கள். அதனால்தான் இன்று நாம் பயமில்லாமல் உள்ளே நடக்க முடிகிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். கிரீடக் கதையோடு திரும்பிவிடாதீர்கள். அந்தக் கோட்டையில் ராஜாவின் படுக்கையறைக்குக் கீழே ஒரு நிலவறை இருக்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இப்போது ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

---

பழைய_நாணயம்:

வடகடல் அக்கா கிரீடத்தை முழுசாகச் சொல்லிவிட்டார். நான் அதற்கு முந்தைய காலத்தைக் கொஞ்சம் சேர்க்கிறேன். ஆசிரியை அம்மாவுக்கு உதவும்.

அயர்லாந்தின் பழைய ஆண்டுக்குறிப்புகளில் 681, 694 ஆகிய வருடங்களில் டூன் ஃபோய்தர் என்ற கோட்டையின் முற்றுகை பதிவாகியிருக்கிறது. அது இதுதான் என்பது பலருடைய கருத்து. ஆனால் பிக்ட் என்ற பழைய ஸ்காட்லாந்து இன மக்களின் கோட்டை இந்தப் பாறையில் இருந்ததற்கு மண்ணில் தடயம் கிடைக்கவில்லை. கொஞ்சம் வடக்கே கடலில் தனியாக நிற்கும் டன்னிகேர் என்ற பாறைத் தூணில்தான் கிடைத்தது. 2015இல் அபர்டீன் பல்கலைக்கழகத்தினர் கயிறு கட்டி அதில் ஏறித் தோண்டினார்கள். 3ஆம், 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரண் அங்கே இருந்திருக்கிறது. ஸ்டோன்ஹேவனிலிருந்து நடந்து வந்தால் வழியில் பார்க்கலாம்.

ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடிய ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸ் 1297இல் இங்கே ஆங்கிலேயப் படையை தேவாலயத்துக்குள் வைத்துக் கொளுத்தினார், 4,000 பேர் செத்தார்கள் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் வரும். அதைச் சொன்னவர் ப்ளைண்ட் ஹாரி என்ற கவிஞர், நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குச் சுமார் 180 வருடம் கழித்து. பாறையின் மேல்பரப்பே மூன்று ஏக்கர் சொச்சம். அதில் ஒரு சின்ன தேவாலயம். 4,000 என்ற எண்ணிக்கையைப் பாட்டின் கணக்காகவே எடுத்துக்கொள்ள வேண்டும். வாலஸ் இந்தக் கோட்டையைத் தாக்கியிருக்க வாய்ப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை.

அந்தத் தேவாலயம் நிஜம். 1276இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது, ஊர் மக்களுக்கான கோயில் அது. 1390களில் சர் வில்லியம் கீத் அதே பாறையில் தன் கோபுர வீட்டைக் கட்டினார். கோயில் நிலத்தில் கட்டியதற்காக ஆயர் அவரைச் சபைநீக்கம் செய்தார். அவிக்னானில் இருந்த போப் பதின்மூன்றாம் பெனடிக்ட் வரை முறையிட்டு, 1395இல் அந்தத் தண்டனையை நீக்கி வாங்கினார். நுழைந்து ஏறியதும் முதலில் கண்ணில் படுகிற உயரமான கோபுரம் அதுதான். பாறையை ஜெயித்தவர்கள் வரிசையில் எனக்கு மிகப் பிடித்த சண்டை இது. வாள் எடுக்காமல், மனு எழுதியே ஜெயித்த சண்டை.

---

மலைக்கோட்டை_வாசகன்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், இரண்டு தடவை கேட்டார்.

அவர் ஒரு சந்தேகம் கேட்கிறார். முற்றுகை என்றால் உள்ளே போகிறவர், வெளியே வருகிறவர் எல்லோரையும் சோதிப்பார்கள். மூன்று தடவை ஒரே பெண்ணை எப்படி விட்டார்கள்? அந்த விதத்தில் கயிறு கட்டி இறக்கிய கதைதானே பொருத்தமாக இருக்கிறது என்கிறார்.

---

வடகடல்:

அம்மா கேட்டது நல்ல கேள்வி, நானும் வெகுநாள் யோசித்தது. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பாறையின் கடல் பக்கத்தை நேரில் பார்த்தால் கயிற்றுக் கதை சந்தேகத்தைத் தரும். 50 மீட்டர் செங்குத்து. பொருள் பாறையில் மோதாமல் இறங்க வேண்டும், அலை பின்வாங்கியிருக்க வேண்டும், சுற்றியிருக்கும் மேடுகளில் நிற்கிற எதிரிக் காவலர் கண்ணில் படக்கூடாது. அந்த மேடுகளிலிருந்து கோட்டையின் பக்கச் சுவர்கள் எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதை நீங்களே பார்ப்பீர்கள். நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாசல் வழி அதைவிடக் கஷ்டம் என்று எனக்குப் படவில்லை.

இன்னொன்று. தேதி. கிறிஸ்டியன் சொன்னது பிப்ரவரி, மார்ச். அவர் கணவர் புதைத்த இடத்தை எழுதிக் கொடுத்தது மார்ச் 31. இரண்டு காகிதங்களுக்கு நடுவில் பன்னிரண்டு வருடம் இருக்கிறது, ஆனாலும் ஒன்றோடொன்று உட்காருகிறது. என்னை நம்பவைப்பது அதுதான்.

அந்தக் குடும்பங்களுக்குள் பின்னால் பெரிய சண்டையும் வந்தது. கிரீடத்தைக் காப்பாற்றிய பெருமை கீத் குடும்பத்துக்கா, ஓகில்வி குடும்பத்துக்கா என்று. அந்தச் சண்டையில் ஒவ்வொரு பக்கமும் தனக்கு வேண்டிய மாதிரி கதையைச் சொன்னது. கயிற்றுக் கதையில் கிறிஸ்டியன் வாசலுக்கே வரவில்லை பாருங்கள், கீழே வேலைக்காரப் பெண் போதும். அவர் செய்ததை அது பாதியாகக் குறைத்துவிடுகிறது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, நிலவறை. சொன்னபடி எழுதுகிறேன்.

கிரீடம் தப்பி 33 வருடம் கழித்து, 1685. இதே கோட்டை, ஆனால் இப்போது சிறைக்கூடம். கவனன்டர்கள் என்று ஒரு கூட்டம், 1638இல் எழுதிய உடன்படிக்கையில் உறுதியாக நின்றவர்கள். திருச்சபைக்குத் தலைவர் கிறிஸ்துவே, ராஜா அல்ல என்பது அவர்கள் நிலை. புது ராஜா ஏழாம் ஜேம்ஸ் பதவிக்கு வந்ததும் விசுவாசப் பிரமாணம் எடுக்கச் சொன்னார்கள். மறுத்தவர்களில் 167 பேரைத் தெற்கிலிருந்து இங்கே நடத்திக் கொண்டுவந்தார்கள். 122 ஆண்கள், 45 பெண்கள்.

மே 24 அன்று உள்ளே அடைத்தார்கள். ஓகில்வி சரணடைந்த அதே தேதி, தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அந்தத் தேதியை மறக்க முடிவதில்லை. அறையின் நீளம் 16 மீட்டர், அகலம் நாலரை. ஆளுக்கு அரைச் சதுர மீட்டர்கூட வராது. கடலைப் பார்த்த ஒரு ஜன்னல். தரையில் ஒரு பலகைக் கதவு, அதற்குக் கீழே இன்னொரு குழியறை. ஜூலை கடைசி வரை. கோடைக்காலம்.

அந்த ஜன்னல் வழியாக 25 பேர் வெளியே ஏறித் தப்ப முயன்றார்கள். இரண்டு பேர் பாறையிலிருந்து விழுந்து இறந்தார்கள். 15 பேர் மறுபடி பிடிபட்டார்கள். உள்ளேயே இறந்தவர்கள் ஐந்து பேர். 37 பேர் கடைசியில் பிரமாணம் எடுத்து விடுதலையானார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்பேன். மீதிப் பேரைக் கப்பலேற்றி அமெரிக்காவில் நியூ ஜெர்ஸிக்கு அனுப்பினார்கள். வழியிலேயே பலர் செத்தார்கள். அவர்களைக் குடியேற்றக் கூட்டிப்போன ஜார்ஜ் ஸ்காட் என்பவரும் அதே கப்பலில் இறந்தார்.

முதல் தடவை நான் அந்த அறைக்குள் போனபோது ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் கிரீடத்தைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டு வெளியே கடந்து போனது. நான் ஜன்னல் பக்கம் போய்க் கீழே எட்டிப் பார்த்தேன். இருட்டில் இதில் இறங்கத் துணிந்தார்கள் என்றால் உள்ளே இருந்தது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து அங்கேயே நின்றுவிட்டேன்.

கோட்டையில் இறந்தவர்களுக்கு டன்னாட்டர் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல் இருக்கிறது, கோட்டையிலிருந்து கொஞ்சம் உள்நாட்டுப் பக்கம். 1793இல் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் அங்கே வந்தபோது ராபர்ட் பேட்டர்சன் என்ற வயதான கல்தச்சர் அந்தக் கல்லின் பாசியைச் சுரண்டி எழுத்துக்களைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். கவனன்டர்களின் கல்லறைகளைத் தேடித் தேடிப் போய் எழுத்துப் புதுப்பிப்பதே அவருடைய வாழ்நாள் வேலை. இந்த வால்டர் ஸ்காட்தான் 1818இல் எடின்பரோ கோட்டையில் ஒரு பூட்டிய அறையைத் திறக்க வைத்தவர். 1707இல் இங்கிலாந்தோடு இணைந்தபோது பெட்டியில் வைத்துப் பூட்டி, ஊரே மறந்துபோயிருந்த கிரீடமும் செங்கோலும் வாளும் உள்ளே இருந்தன. டன்னாட்டரின் இரண்டு கதைகளும் அந்த ஒரு மனிதரின் கைக்கு வந்தன.

---

நிலாமுற்றம்:

பேய்க் கதை எதுவும் இல்லையா? என் பையன் கேட்கிறான், பத்து வயது.

---

வடகடல்:

உண்டு. பழைய மது வடிக்கும் கூடத்துப் பக்கம் பச்சை உடுத்த பெண் ஒருத்தி எதையோ தேடி அலைவாள் என்பார்கள். தொலைந்த பிள்ளைகளைத் தேடுகிறாள், அந்தப் பிள்ளைகள் கிறிஸ்தவத்துக்கு மாறிய பிக்ட் மக்கள் என்று விளக்கம் சொல்வார்கள். வாசல் காவலறைக்குள் போய் மறைந்துவிடும் ஸ்காண்டினேவிய முகச்சாயல் கொண்ட ஓர் ஆள், ஒரு வேட்டை நாய்க்குட்டி, இவையும் உண்டு. பையனுக்குச் சொல்ல நல்லவை. நான் பதினோரு வருடத்தில் எதையும் பார்த்ததில்லை. பாறை இடுக்குகளில் கூடு கட்டும் கடற்பறவைகள் மட்டும் சில நேரம் குழந்தை அழுவதுபோலவே கத்தும். அது முதல் தடவை கேட்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப்போடும்.

---

மலைக்கோட்டை_வாசகன்:

போய்விட்டு வந்தோம். சொல்ல வேண்டும் என்று இருந்தது.

காற்று குறைவாக இருந்தது, திறந்திருந்தார்கள். அம்மா நான்கு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். முழங்கால் ஒத்துழைத்தது. கோபுரத்தைப் பார்த்ததும் "இதுக்குத்தான் போப்புக்கு மனு போட்டாரா" என்று கேட்டார். பழைய_நாணயம் அண்ணனுக்குத் தெரியட்டும்.

நிலவறையில் அம்மா வெகுநேரம் இருந்தார். சுவரோரமாக மெதுவாக நடந்து, நீளத்தைக் காலடியால் எண்ணினார். பிறகு என்னிடம், "என் எட்டாம் வகுப்பு ரூம் இதைவிடக் கொஞ்சம் சின்னது. அதுல அறுபது பிள்ளைங்க இருந்தாலே மார்ச் மாசம் மூச்சு முட்டும். 167 பேரா?" என்றார். ஜன்னல் பக்கம் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன், அக்கா சொன்னது புரிந்தது.

மறுநாள் கினெஃப் போனோம். குறுகலான பாதை, இரண்டு பக்கமும் வயல், கடைசியில் கடல். தேவாலயம் திறந்திருந்தது, எங்களைத் தவிர யாரும் இல்லை. இப்போது இருக்கும் கட்டடம் 1738இல் அதே இடத்தில் கட்டியது என்பதை அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். சுவரில் கிரெய்ஞ்சர் தம்பதிக்கும் ஓகில்விக்கும் நினைவுக் கற்கள் இருக்கின்றன. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு கிறிஸ்டியன் ஃப்ளெட்சரின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, விரலால் தடவிப் பார்த்தார்.

அப்புறம் பிரசங்க பீடத்தின் முன்னால் நின்று "கிரீடம் இங்கே" என்றார். திரும்பி மேற்கு எது என்று என்னிடம் கேட்டார். போனில் திசைகாட்டியைப் பார்த்துச் சொன்னேன். அந்தக் கோடிக்கு நடந்துபோய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்து, "வாள் இங்கே. நீயும் வந்து உட்காரு, டீ ஆறிடும்" என்றார்.